சியானில் இரண்டரை நாள்: எதைப் பார்ப்பது, எதை விடுவது

அலுவலக வேலையாகப் பெய்ஜிங் போகும் என் சித்தி மகன் போன வாரம் கூப்பிட்டான். வேலை முடிந்ததும் கையில் இரண்டரை நாள் மிச்சம் இருக்கிறதாம். அதிவேக ரயிலில் சியான் போய்வரலாம் என்று யோசனை. கூடவே சித்தியும் போகிறார். காஞ்சிபுரத்தை விட்டு அதிகம் வெளியே போகாதவர், வயது அறுபத்தேழு, முழங்கால் வலி, சுத்த சைவம். "நீதான் அங்க போயிருக்கியே, எதைப் பார்க்கணும்னு பத்து நிமிஷத்துல சொல்லு" என்றான்.

பத்து நிமிடத்தில் முடியவில்லை. இணையத்தில் கிடைக்கும் பட்டியல்கள் பதினைந்து இடங்களை வரிசையாக நிறுத்தி, ஒவ்வொன்றையும் தவறவிடவே கூடாது என்கின்றன. இரண்டரை நாள் வைத்திருப்பவனுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. இதற்குப் போனால் அது போச்சு என்கிற கணக்குதான் அவனுக்கு வேண்டும். அவனிடம் சொன்னதையும், போனை வைத்த பிறகு நினைவுக்கு வந்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் ஏமாற்றம் நிச்சயம். சியான் என்றால் பழைய சாங்ஆன், தாங் பேரரசின் தலைநகரம், பட்டுப்பாதையின் கிழக்கு முனை என்று படித்துவிட்டுத்தான் பெரும்பாலும் போகிறோம். அந்த சாங்ஆன் இப்போது அங்கே இல்லை. 84 சதுர கிலோமீட்டர் பரப்பில், நூற்றுக்கும் மேற்பட்ட மதில் சூழ்ந்த பேட்டைகளாக, சதுரங்கப் பலகை மாதிரி வகுத்துக் கட்டிய ஊர் அது. 904இல் சூ வென் என்ற படைத்தலைவன் பேரரசரைக் கட்டாயப்படுத்திக் கிழக்கே லுவோயாங் நகரத்துக்கு இழுத்துக்கொண்டு போனான். போகும்போது அரண்மனைகளையும் வீடுகளையும் பிரித்து, தூண்களையும் உத்தரங்களையும் வெய் ஆற்றில் மிதக்கவிட்டு எடுத்துப் போனான். மரத்தால் கட்டிய ஊர், மரத்தோடு போய்விட்டது. இன்று ஊர் நடுவே நிற்கும் பெரிய மதில் அதற்கு நானூற்றறுபது ஆண்டுகளுக்கு மேல் கழித்து மிங் அரசு கட்டியது. அது வளைத்திருக்கும் இடம் பழைய சாங்ஆனில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்குதான்.

அதனால் நான் இடங்களைக் காலம் பார்த்துப் பிரிப்பேன். கிழக்கே லின்தோங்கில் சின் பேரரசு (கி.மு. 3ஆம் நூற்றாண்டு). வடக்கே, விமான நிலையத்துப் பக்கம், அதற்கு அடுத்து வந்த ஹான். ஊருக்குள் அங்கங்கே தாங் (7 முதல் 10ஆம் நூற்றாண்டு) விட்டுப்போன செங்கல்லும் கல்லும். நடுவில் மிங் (14 முதல் 17ஆம் நூற்றாண்டு). ஒரே காலத்தின் மூன்று இடங்களைப் பார்த்துவிட்டு மற்ற காலங்களைத் தொடாமல் திரும்புவதைவிட, ஒவ்வொன்றிலும் ஒன்றைப் பார்ப்பது மேல்.

சுடுமண் படையா, கண்ணாடித் தரையா

சியான் போய்வந்தேன் என்றால் எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி "அந்த மண் பொம்மைப் படையைப் பார்த்தியா?" என்பதுதான். ஊரிலிருந்து நாற்பது கிலோமீட்டர் கிழக்கே இருக்கிறது. போக ஒன்றரை மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம், உள்ளே குறைந்தது மூன்று மணி நேரம். ஆக ஒரு முழுப் பகல் அதற்கே போய்விடும். இரண்டரை நாளில் ஒரு பகல் என்பது பெரிய விலை. டிக்கெட் 120 யுவான் என்பதெல்லாம் அதற்குப் பக்கத்தில் சின்ன விஷயம்.

கொடுக்கலாமா? கொடுக்கலாம் என்பதே என் முடிவு. 1974 மார்ச்சில் உழவர்கள் கிணறு வெட்டும்போது அகப்பட்ட இடம் இது. முதல் குழி மட்டும் 230 மீட்டர் நீளம், 62 மீட்டர் அகலம். ரயில் நிலையக் கூரை போன்ற ஒரு கூரைக்குக் கீழே வரிசை வரிசையாக ஆள் உயரத்துக்கு நிற்கிறார்கள். படங்களில் பார்த்ததுதானே என்று நினைத்துப் போனேன். படங்களில் தெரியாத ஒன்று அங்கே போனால்தான் தெரிகிறது: குழியின் பின்பாதி. அங்கே தலை ஒரு பக்கம், கை ஒரு பக்கமாக நொறுங்கிக் கிடக்கிறார்கள். உண்மையில் ஏறக்குறைய எல்லாருமே அப்படித்தான் கிடைத்தார்கள். மேலே வேய்ந்திருந்த மரக்கூரை எரிந்து விழுந்து நசுக்கியிருக்கிறது. நாம் பார்க்கும் வீரர்களில் அநேகமாக எல்லாரும் துண்டு துண்டாகப் பொறுக்கி ஒட்டி நிறுத்தியவர்கள். மொத்தம் 8000 பேர் வரை இருக்கலாம் என்பது மதிப்பீடு. மீட்டு எடுத்தவர்கள் 2000 சொச்சம்தான். மீதியை ஏன் தோண்டவில்லை என்றால், மண்ணுக்குள் இருக்கும்வரை ஒட்டியிருக்கும் வண்ணம் வெளிக்காற்று பட்டால் சில நிமிடங்களிலேயே சுருண்டு உதிர்ந்துவிடுகிறது. ஒரு காலத்தில் இந்தச் சாம்பல் நிறப் படை சிவப்பும் பச்சையும் ஊதாவுமாக நின்றது.

தன் கல்லறைக்குக் காவலாக இதையெல்லாம் செய்வித்த, சீனாவின் முதல் பேரரசர் சின் ஷி ஹுவாங்கின் கல்லறை மேடு ஒன்றரை கிலோமீட்டர் மேற்கே இருக்கிறது, இன்னும் திறக்கப்படவில்லை. உள்ளே பாதரச ஆறுகள் ஓடுவதாக அவர் இறந்து நூறாண்டு கழித்து எழுதிய வரலாற்றாசிரியர் சிமா சியன் குறித்து வைத்தார். மேட்டு மண்ணைச் சோதித்தபோது பாதரசம் வழக்கத்தைவிட மிக அதிகமாகவே இருந்தது. மேட்டுப் பக்கம் இருக்கும் தனி அருங்காட்சியகத்தில் 1980இல் கிடைத்த இரண்டு வெண்கலத் தேர்கள் இருக்கின்றன. நிஜத் தேரில் பாதி அளவு, மூடு தேரில் மட்டும் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பாகங்கள். டிக்கெட் இரண்டுக்கும் ஒன்றே. கூட்டமாகப் போகிறவர்கள் பலர் படையைப் பார்த்ததோடு பஸ் ஏறிவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் குழியில் அரை மணி நேரத்தைக் குறைத்தாவது தேரைப் பார்க்க வேண்டும்.

இதற்கு மாற்றாகச் சிலர் சொல்வது ஹான் யாங்லிங். ஹான் வம்சத்துப் பேரரசர் ஜிங்கின் கல்லறை, கி.மு. 2ஆம் நூற்றாண்டு. ஊருக்கு வடக்கே இருபது கிலோமீட்டர், விமான நிலையச் சாலைக்குப் பக்கத்தில். அந்தச் சாலையைப் போடும்போதுதான் 1990இல் குழிகள் அகப்பட்டன. இங்கே அருங்காட்சியகமே பூமிக்கடியில் இருக்கிறது. காலுக்கு உறை மாட்டிக்கொண்டு கண்ணாடித் தரையில் நடக்கிறோம். மங்கிய வெளிச்சத்தில் காலடியில் தோண்டிய குழிகள். அதில் பொம்மைகள் இரண்டடி உயரம்தான். கை கிடையாது, துணி கிடையாது. அவை மரக் கைகளோடும் பட்டு உடைகளோடும் புதைக்கப்பட்டவை, மரமும் பட்டும் மக்கிப்போயின. பக்கத்தில் ஆடு, மாடு, பன்றி, நாய் என்று ஒரு பெரிய தொழுவமே மண்ணில் செய்து வைத்திருக்கிறார்கள். செத்த பிறகு சின் பேரரசருக்குப் படை வேண்டியிருந்தது, இவருக்குச் சாப்பாடு வேண்டியிருந்தது போல. நில வரியை முப்பதில் ஒரு பங்காகக் குறைத்த அரசர் என்று ஜிங்குக்கு நல்ல பெயர். ஆனால் இந்தக் கல்லறைக்குப் பக்கத்திலேயே, கழுத்திலும் காலிலும் இரும்பு விலங்கு பூட்டிய கைதிகளின் எலும்புகளும் கிடைத்திருக்கின்றன. கட்டியவர்கள் அவர்கள்தான்.

கூட்டம் இல்லை, அவசரம் இல்லை, பொம்மைகள் ஒரு கை எட்டும் தூரத்தில். அனுபவமாகப் பார்த்தால் ஹான் யாங்லிங் எனக்கு நெருக்கமாக இருந்தது. இருந்தாலும் ஒரே ஒரு முறை போகிறவனிடம் படையை விட்டுவிடு என்று சொல்ல மனம் வரவில்லை. அந்த அளவு வேறு எங்கும் கிடைக்காது. விமானத்தில் வந்து இறங்குகிறவர்களுக்கும், இரண்டாம் முறை போகிறவர்களுக்கும் ஹான் யாங்லிங். ரயிலில் வரும் என் தம்பிக்குப் படை.

இதில் ஒரு எச்சரிக்கை. நாங்கள் போனபோது விடுதி வாசலில் பேசி ஒரு வேன் பிடித்தோம். வழியில் "பத்து நிமிடம்" என்று ஒரு பட்டறையில் நிறுத்தினார் ஓட்டுநர். படையின் நகல் பொம்மைகள், பச்சைக்கல் வளையல், பட்டு மெத்தை எல்லாம் விற்கும் இடம். பத்து நிமிடம் ஒன்றரை மணி நேரமானது. போதாக்குறைக்கு, அசல் இடத்துக்கு முன்னாலேயே போலி 'சுடுமண் படை'களும் சாலையோரம் இருந்திருக்கின்றன. மெட்ரோ 9ஆம் தடத்தில் ஹுவாசிங் வரை போய், அங்கிருந்து உள்ளூர்ப் பேருந்து பிடிப்பதே நிம்மதி.

அதே ஹுவாசிங்கில் இறங்கியதும் எதிரே ஒரு அரண்மனைத் தோட்டம் தெரியும். வெந்நீர் ஊற்று, தாங் பேரரசர் சுவான்சோங்கும் அவர் காதலி யாங் குய்ஃபெய்யும் குளித்த தொட்டிகள், 1936 டிசம்பர் 12 விடியலில் அப்போதைய சீனத் தலைவர் சியாங் கை ஷேக்கைப் பிடிக்க வந்தவர்கள் சுட்ட தோட்டாத் துளைகள். நவீனச் சீன வரலாற்றில் ஆர்வம் இருந்தால் அந்தத் துளைகளுக்காக நுழையலாம். கட்டடங்களில் பெரும்பாலானவை பிற்காலத்தவை. படையோடு சேர்த்து ஒரே நாளில் இதையும் முடிக்கலாம் என்று பயண ஏற்பாட்டாளர்கள் சொல்வார்கள். முடிக்கலாம்தான், அன்று சாயங்காலம் எதற்கும் தெம்பு இருக்காது.

இரண்டு வாத்துக் கோபுரங்கள்

தாங் காலத்தில் கட்டி இன்றும் நிமிர்ந்து நிற்பவை என்று ஊருக்குள் எண்ணினால் இரண்டே இரண்டுதான் பெரிதாகத் தேறும்: பெரிய காட்டு வாத்துக் கோபுரம், சின்னக் காட்டு வாத்துக் கோபுரம். இரண்டும் செங்கல்லால் கட்டியவை, அதனால்தான் பிழைத்தன. இரண்டுக்கும் நடுவே மூன்று கிலோமீட்டர் சொச்சம்தான். ஆனால் சுபாவத்தில் அக்காள் தங்கை என்று சொல்ல முடியாது.

பெரியது யுவான் சுவாங்குக்காக எழுந்தது. நம் பள்ளிப் புத்தகத்தில் ஹர்ஷருக்குப் பக்கத்தில் வருவாரே, அவர்தான். பதினாறு பதினேழு ஆண்டுகள் அலைந்துவிட்டு 645இல் சாங்ஆனுக்குத் திரும்பினார். இருபது குதிரைகள் மேல் 657 நூல்கள். அவற்றை நெருப்பிலிருந்து காப்பாற்ற ஒரு கோபுரம் வேண்டும் என்று பேரரசரிடம் கேட்டார், 652இல் கட்டினார்கள். அவரே கூடையில் செங்கல் சுமந்ததாக அவருடைய சீடர் எழுதிய வரலாறு சொல்கிறது. ஐம்பது வயதான துறவி, நாடே கொண்டாடும் மனிதர், கல் சுமக்கிறார்.

இதில் ஒரு சங்கடம் உண்டு. அவர் சுமந்த செங்கல்லை நாம் பார்ப்பதில்லை. அந்தக் கோபுரம் உள்ளே மண், வெளியே செங்கல்லாக இருந்ததால் ஐம்பது ஆண்டு கூடத் தாங்கவில்லை. இப்போது நிற்பது பேரரசி வூ செத்தியன் காலத்தில் 701 முதல் 704 வரை திரும்பக் கட்டியது, பிறகு மிங் காலத்தில் வெளியே ஒரு செங்கல் சட்டை போர்த்தியது. ஏழு நிலை, 64 மீட்டர் உயரம், கொஞ்சம் சாய்ந்திருக்கிறது. யுவான் சுவாங் கண்ணால் பார்த்திருக்கக்கூடிய ஒன்று அங்கே உண்டு. அடித்தளத்தில், தெற்கு வாசலுக்கு இரண்டு பக்கமும் உள்ள மாடங்களில் இரண்டு கருங்கற் பலகைகள். பேரரசர் தாய்சோங்கும் அவர் மகன் காவ்சோங்கும் யுவான் சுவாங்கின் மொழிபெயர்ப்புகளுக்கு எழுதிய முன்னுரைகள். 653இல் சூ சுயிலியாங் என்ற எழுத்தோவியரின் கையெழுத்தில் செதுக்கியவை. கம்பிக்குப் பின்னால் இருட்டாக இருப்பதால் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் பார்க்காமல் படியேறப் போய்விடுகிறார்கள். மேலே போக இருநூறு படிக்கு மேல். உச்சியில் நாலு பக்கமும் நாலு சாளரம், கீழே நேர்கோட்டில் ஓடும் சாலைகள். நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் கண்ணில் படுவது இந்த நூற்றாண்டுச் சியான்.

கோபுரத்தைச் சுற்றியிருப்பதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. பெரிய பெரிய சதுக்கம், இசைக்கேற்ப ஆடும் நீரூற்று, தெற்கே போனால் 'தாங் பேரரசின் தூங்கா நகரம்' என்று ஒளிவிளக்குச் சாலை. வாடகைக்குப் பட்டாடை எடுத்து, நெற்றியில் பூப்பொட்டு ஒட்டி, ஆயிரக்கணக்கான இளம்பெண்கள் படம் எடுத்துக்கொள்கிறார்கள். இளைஞர்கள் கூட்டத்தோடு போனால் அந்தச் சாயங்காலம் கொண்டாட்டம்தான், குறை சொல்ல மாட்டேன். முழங்கால் வலிக்காரர்களுக்கு அது வெறும் நடை.

சின்னக் கோபுரம் வேறு மாதிரி. 707 முதல் 709க்குள் கட்டியது, ஜியன்ஃபூ கோயிலுக்குள். 43 மீட்டர், பதினைந்து நிலையில் மேல் இரண்டு 1556 நிலநடுக்கத்தில் போய்விட்டது, மீதி பதின்மூன்று. நடுவில் லேசாகப் புடைத்து மேலே குறுகிப் போகும் அந்த வளைவு ஒன்றுக்காகவே போகலாம். மேலே மொட்டையாக, புல் முளைத்து நிற்கிறது. உடைந்த உச்சியை யாரும் திரும்பக் கட்டிப் புதிதாக்கவில்லை என்பதே பெரிய நிம்மதி. 1487 நிலநடுக்கத்தில் மேலிருந்து கீழ்வரை ஓர் அடி அகலத்துக்கு விரிசல் விட்டதாம். 1521இல் வந்த இன்னொரு நடுக்கத்தில் அது ஒரே இரவில் மூடிக்கொண்டதாம். பிறகு அங்கே தங்கிய ஓர் அதிகாரி இதை வாசல் நிலையிலேயே பொறித்துவிட்டுப் போனார். மரநிழல், பெஞ்சு, 1192இல் வார்த்த ஒரு பெரிய மணி, பக்கத்திலேயே சியான் அருங்காட்சியகம். கட்டணம் கிடையாது, பாஸ்போர்ட் எண் கொடுத்துப் பதிவு செய்தால் போதும். செவ்வாய்க்கிழமை விடுமுறை.

இந்தக் கோபுரத்துக்கும் ஒரு துறவி உண்டு. இ-சிங். யுவான் சுவாங் போல மலையேறிப் போகாமல் 671இல் கப்பலேறி ஸ்ரீவிஜயம் வழியாக நாலந்தா போனவர். திரும்பிவந்து இந்தக் கோயிலில் உட்கார்ந்துதான் மொழிபெயர்த்தார். அவருக்குப் பின்னால் வந்த ஒருவரைப் பற்றி எந்தப் பயணக் கையேட்டிலும் பார்க்கவில்லை: வஜ்ரபோதி. தென்னிந்தியத் துறவி. காஞ்சியில் மழை பொய்த்தபோது பல்லவ அரசர் நரசிம்மவர்மர் இவரை வேண்டிக்கொண்டார், மழை பெய்தது என்று சீன நூல்கள் கதை சொல்கின்றன. கடல்வழியே 719 வாக்கில் சீனா வந்து சேர்ந்தார். சாங்ஆனில் முதலில் பெரிய கோபுரம் இருக்கும் கோயிலில் தங்கவைத்தார்கள். கொஞ்ச நாளில் ஜியன்ஃபூவுக்கு மாற்றினார்கள். ஆயிரத்து முந்நூறு வருடத்துக்கு முன்னால் காஞ்சியின் அரசவையை அறிந்த ஒருவர் இந்தச் செங்கல் கோபுரத்தின் நிழலில் நடந்திருக்கிறார். அப்போது அதற்குப் பத்து வயதுதான், புதுக் கட்டடம்.

நேரம், அமைதி, கால்வலி மூன்றையும் வைத்துப் பார்த்தால் என் ஓட்டு சின்னதுக்கு. தம்பியிடமும் அதையே சொன்னேன்.

மதில், மணி, முரசு

மிங் காலத்துக்கு ஒன்று என்றால் யோசிக்க வேண்டாம், மதில்தான். 1370களில் கட்டியது, சுற்றளவு 13.7 கிலோமீட்டர், உயரம் 12 மீட்டர். மேலே ஒரு லாரியே போகும் அளவுக்கு அகலம். நுழைவு 54 யுவான். தெற்கே யோங்னிங் வாசலில் ஏறி வாடகை சைக்கிள் எடுத்தால் ஒன்றரை, இரண்டு மணி நேரத்தில் முழுச் சுற்று வந்துவிடலாம். செங்கல் தளம் கடகடவென்று ஆட்டும், மறுநாள் உட்காரும்போது ஞாபகம் வரும். சைக்கிள் முடியாதவர்களுக்குப் பேட்டரி வண்டி ஓடுகிறது. சித்திக்கு அது போதும்.

பெய்ஜிங்கின் மதிலை இடித்துச் சாலையாக்கிவிட்டார்கள். இதையும் இடிக்கச் சொன்ன குரல்கள் இருந்தன. 1961இல் தேசியப் பாதுகாப்புப் பட்டியலில் சேர்ந்து தப்பித்தது. இது வெறும் அலங்காரம் என்று நினைக்க வேண்டாம். 1926இல் ஒரு போர்த்தளபதியின் படை ஊரை எட்டு மாதம் முற்றுகையிட்டபோது இந்த மதிலை வைத்துத்தான் தாக்குப்பிடித்தார்கள். உள்ளே பல்லாயிரம் பேர் பசியாலும் நோயாலும் செத்தார்கள். நாம் சைக்கிள் விடும் இடத்தில் நூறு வருடத்துக்கு முன்னால் காவல் நின்றிருக்கிறார்கள்.

வெயில் சாய்ந்த பிறகு ஏறுவது உத்தமம். ஒரு பக்கம் பழைய ஊரின் சாம்பல் ஓடுகள், இன்னொரு பக்கம் அடுக்குமாடிகள், விளக்கு போடும் நேரம். மணிக்கூண்டும் முரசுக் கூண்டும் (1384, 1380) இதே காலத்தவை. அவற்றைக் கீழே நின்று பார்த்தால் போதும். மேலே ஏறினால் தெரிவது போக்குவரத்து.

நகரின் பெரிய அருங்காட்சியகமா, கல்வெட்டுக் காடா

சியான் இருக்கும் ஷான்சி மாகாணத்தின் வரலாற்று அருங்காட்சியகம் அருமையானது. 1970இல் ஹெஜியா கிராமத்தில் பானைக்குள் கிடைத்த தாங் காலத்துப் பொன், வெள்ளிப் பாத்திரங்கள், மான் தலை போல வாய் வைத்த அகேட் கல் கிண்ணம், எல்லாம் அங்கே. நுழைவு இலவசம், அதுதான் பிரச்சினை. சில நாள் முன்னால் முன்பதிவு திறக்கும், திறந்த வேகத்தில் தீர்ந்துவிடும். கிடைத்தால் போய்விட வேண்டும், மறுபேச்சே இல்லை. கிடைக்காவிட்டால் வாசலில் டிக்கெட் விற்பவர்களிடம் ஏமாறாமல் பெய்லின் போகலாம்.

பெய்லின் என்றால் கல்வெட்டுக் காடு. பெயர் அப்படியே பொருந்தும். 1087இல் கற்களைப் பாதுகாக்கச் சேர்த்து வைத்த இடம், மதிலின் தெற்கு வாசலுக்குப் பக்கத்திலேயே. உள்ளே போனதும் 837இல் முடித்த மறைநூற் கற்கள்: 114 பெரிய பலகைகளின் இரு பக்கமும் பன்னிரண்டு செவ்வியல் நூல்கள், ஏறத்தாழ ஆறரை லட்சம் எழுத்துகள். பிரதி எடுப்பவர் பிழை செய்தால் இங்கே வந்து சரிபார்த்துக்கொள்ள வேண்டும், அதற்காகத்தான் கல்லில் வெட்டினார்கள். அச்சு பரவுவதற்கு முன்பு ஒரு நாடு தன் பாடநூலைப் பூட்டி வைத்த விதம் இது. இன்னோர் அறையில் 781ஆம் ஆண்டுக் கல், ஆமை முதுகில் நிற்கிறது. உச்சியில் சிலுவை, கீழே சீன எழுத்து, ஓரத்தில் சிரியாக் என்ற மேற்காசிய மொழியின் எழுத்து. 635இல் பாரசீகத்துப் பக்கமிருந்து அலோபென் என்பவர் சாங்ஆனுக்குக் கிறித்தவத்தைக் கொண்டுவந்த கதையைச் சொல்கிறது. பழைய சாங்ஆன் எப்படிப்பட்ட ஊர் என்பதை அந்த ஒரு கல் காட்டிவிடும்.

எனக்குச் சீன எழுத்து ஒன்றுகூடப் படிக்கத் தெரியாது. ஆனாலும் இரண்டு மணி நேரம் போனது தெரியவில்லை. கோயில் சுவரில் வட்டெழுத்தைத் தடவிப் பார்த்து வளர்ந்தவனுக்குக் கல்லில் எழுத்து என்றாலே ஒரு மயக்கம் போல. நாங்கள் போனபோது ஓர் அறையில் கல்மேல் ஈரத்தாள் ஒட்டி, மைப்பொதியால் தட்டித் தட்டிப் படியெடுத்துக்கொண்டிருந்தார்கள். டொக் டொக்கென்று அந்தச் சத்தம் அடுத்த கூடம் வரை கேட்டது. எழுத்தில் ஆர்வமில்லாதவருக்கு இது கற்கள் நிறைந்த கிடங்கு, அவ்வளவுதான். அவர்களுக்கு என் சிபாரிசு செல்லாது. பக்கத்துக் கூடத்தில் தாய்சோங்கின் ஆறு போர்க்குதிரைச் சிற்பங்களில் நான்கு இருக்கின்றன, அவற்றையாவது பார்க்கலாம். மீதி இரண்டு அமெரிக்காவில், ஃபிலடெல்ஃபியாவில்.

பள்ளிவாசலுக்கு மாற்று இல்லை

பெரிய பள்ளிவாசலை எதனோடும் ஒப்பிட முடியவில்லை. முரசுக் கூண்டுக்குப் பின்னால், பொம்மையும் பையும் விற்கும் ஒரு குறுகிய சந்து வழியாகப் போக வேண்டும். தொடக்கம் 742 என்பது அங்கே வழங்கும் மரபு, இப்போதைய கட்டடங்கள் 1392இல் தொடங்கி மிங் காலத்தவை, அதற்கு அடுத்த சிங் பேரரசின் காலத்தவை. கும்மட்டம் கிடையாது. ஒன்றன்பின் ஒன்றாக முற்றங்கள், மர வளைவுகள், நீல ஓடு வேய்ந்த கூரை, மினாருக்குப் பதிலாக மூன்று நிலை எண்கோண மண்டபம். சீனக் கோயில்கள் தெற்கு பார்க்கும். இது கிழக்கிலிருந்து மேற்காகப் போகிறது, மக்கா அந்தப் பக்கம் என்பதால். தொழுகைக் கூடத்துக்குள் முஸ்லிம்கள் மட்டும் போகலாம், மற்றவர்கள் முற்றத்தில் உட்காரலாம். வெளியே அத்தனை கூச்சல், உள்ளே பூனை தூங்குகிறது.

சந்தை முழுக்க ஆட்டுக்கறி மணக்கும். சைவக்காரர் பட்டினி கிடக்க வேண்டியதில்லை: லியாங்பி என்னும் குளிர்ந்த அரிசி நூடுல்ஸ், பேரீச்சை வைத்த ஒட்டரிசிப் பொங்கல், சீமைப் பனிச்சைப் பழ அப்பம், மாதுளைச் சாறு. "வோ ச்சி சூ" என்றால் நான் சைவம் என்று புரிந்துகொள்வார்கள். ஆனால் சூடான நூடுல்ஸின் சாற்றில் எலும்பு இருக்கும், அதைக் கேட்டே வாங்க வேண்டும்.

தூரத்து இடங்களை ஒரே மூச்சில் தள்ளிவிடுகிறேன். வூ செத்தியனும் அவர் கணவரும் அடங்கிய சியன்லிங், பெரும்பாலும் தலையில்லாத 61 தூதர் சிலைகளோடு எண்பது கிலோமீட்டர் வடமேற்கே. புத்தரின் விரலெலும்பு வெளிப்பட்ட ஃபாமென் கோயில் நூறு கிலோமீட்டருக்கும் மேல். நான்காவது நாள் இருந்தால் யோசிக்கலாம். தாங் பேரரசர்கள் இருந்த தாமிங் அரண்மனை ஊருக்குள்தான், ஆனால் அது இப்போது பெரிய மைதானமும் மேடைகளும். காலை நடைக்கு நல்லது.

ஆக நான் போட்டுக்கொடுத்த கணக்கு இது. பெய்ஜிங் மேற்கு நிலையத்தில் காலை ரயில், நாலரை முதல் ஆறு மணி நேரம். சியான் வடக்கு நிலையத்திலிருந்து மெட்ரோ 2ஆம் தடம் நேராக மணிக்கூண்டுக்கும் தெற்கு வாசலுக்கும் போகிறது, அதனால் அறை அந்தத் தடத்தை ஒட்டி. அன்று மாலை பள்ளிவாசல், சந்தையில் சாப்பாடு. மறுநாள் கதவு திறக்கும் நேரத்துக்குப் படை, தேர், திரும்பிவந்து ஓய்வு. மூன்றாம் நாள் காலை சின்னக் கோபுரம், பிறகு பெய்லின், வெயில் தாழ மதில், ராத்திரி ரயில். மே முதல் வாரமும் அக்டோபர் முதல் வாரமும் நாடே விடுமுறையில் பயணம் போகும். அந்த நாட்களில் இதில் ஒன்றும் நடக்காது. எல்லா இடத்துக்கும் பாஸ்போர்ட் எண்ணோடு முன்பதிவு, போனில் பணம் கட்டும் செயலி, இரண்டையும் கிளம்பும் முன்பே முடித்துவிடச் சொன்னேன்.

தம்பி எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு "சரி, வைக்கிறேன்" என்றான். பக்கத்திலிருந்து சித்தி போனை வாங்கினார். "ஏம்பா, யுவான் சுவாங்குன்னியே, அவர் நம்ம ஊருக்கு வந்தவர்தானே?" ஆமாம் சித்தி, 640 வாக்கில் காஞ்சிக்கு வந்தார், அங்கிருந்து இலங்கைக்குக் கப்பலேற நினைத்தார், அங்கே அரசர் செத்துப் பஞ்சம் என்று கேள்விப்பட்டுத் திரும்பிவிட்டார் என்றேன். "அப்போ அவர் கோபுரத்தை விட்டுட்டு வேற எதையோ பார்க்கச் சொல்றியே."

பதில் சொல்ல முடியவில்லை. மூன்றாம் நாள் காலையை மாற்றி எழுதினோம். முதலில் பெரிய கோபுரம், ஆனால் படி ஏறுவதில்லை. தெற்கு வாசலுக்குப் போய், இரண்டு பக்கமும் கம்பிக்குப் பின்னால் இருக்கும் கற்களை மட்டும் பார்த்துவிட்டு வருவது. உள்ளே இருட்டாக இருக்கும், டார்ச் எடுத்துப் போகச் சொல்லியிருக்கிறேன்.